கேட்காமல் வரும் வணிகக் குறுஞ்செய்திகள்: ஒப்புதல் வாங்கிய பிறகே அனுப்ப வேண்டும் என்று சட்டம் வேண்டுமா?

நெல்லைக்காரி:
அப்பாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. அவருடைய எண்ணை 1909 என்ற சேவை எண் வழியாக டிஎன்டி என்னும் விளம்பரத் தடைப் பட்டியலில் பதிந்து முழுத்தடை போட்டிருக்கிறோம். ஆனாலும் கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று சாதாரணப் பத்து இலக்க எண்களிலிருந்து அழைப்பும் செய்தியும் வந்துகொண்டேதான் இருக்கின்றன. புகார் கொடுத்தால் நடவடிக்கை எடுத்துவிட்டதாக ஒரு வரி பதில் வரும். பிறகு வேறொரு எண்ணிலிருந்து அதே ஆள் கூப்பிடுவான்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், வணிக அழைப்பு, செய்திகளுக்கான தன் 2018 விதிமுறையை 2025 பிப்ரவரியில் திருத்தியது. புகார் கொடுக்க 3 நாள்தான் அவகாசம் என்றிருந்தது 7 நாளானது. தொலைத்தொடர்பு நிறுவனம் நடவடிக்கை எடுக்க 30 நாள் என்றிருந்தது 5 நாளானது. ஓர் அனுப்புநர் மீது நடவடிக்கை எடுக்க முன்பு 7 நாளில் 10 புகார் சேர வேண்டும். இப்போது 10 நாளில் 5 போதும். டிஎன்டி பதியாதவர்கூடப் பதிவு பெறாத எண்கள் மீது புகார் கொடுக்கலாம். நல்ல திருத்தம்தான். ஆனாலும் வேண்டாம் என்று பதிய வேண்டியது நாம், வந்தால் புகார் எழுத வேண்டியது நாம், நம்மைப் போல இன்னும் நாலு பேர் எழுதும்வரை காத்திருக்க வேண்டியதும் நாம். முன்கூட்டியே ஒப்புதல் வாங்காமல் யாரும் விளம்பரம் அனுப்பக் கூடாது. மீறி அனுப்பினால் பெற்றவருக்கு இழப்பீடு தர வேண்டும். இதில் எனக்குச் சமரசம் இல்லை.

மதுரை ஜவுளி:
அக்கா, எல்லா வேலையும் உங்களுக்குத்தான்னு சொல்லாதீங்க. நான் சின்னக் கடை வச்சிருக்கேன். ஆடித் தள்ளுபடிக்கு ரெண்டு வரி எஸ்எம்எஸ் போடணும்னா முதல்ல டிஎல்டில, அதாவது வணிகச் செய்தி அனுப்பறவங்களுக்கான பதிவுத் தளத்துல, பதியணும். பான், ஜிஎஸ்டி காகிதம் குடுத்து, சில ஆயிரம் ரூபாய் கட்டணும். கடைப் பேருக்கு ஹெடர், அதான் அனுப்புறவர் பேரா வர்ற எழுத்து, வாங்கணும். அனுப்பப் போற வாசகத்தை டெம்ப்ளேட்டாக் குடுத்து அனுமதி வாங்கணும். 2024 அக்டோபர்லேர்ந்து, செய்தியில லிங்க் இருந்தா அதையும் முன்னாடியே பதியணும். பதிஞ்சதும் அனுப்பறதும் ஒத்துப்போகலைன்னா செய்தி போகவே போகாது. டிஎன்டி போட்ட எண்களைக் கழிச்சிட்டுத்தான் மிச்சம் போகும்.

உங்க அப்பாவுக்கு வர்ற கடன்காரன் இந்த வழியா வரலை. அவன் சிம் வாங்கி அடிக்கிறான். இன்னும் இறுக்கினா மாட்டப் போறது பேரும் விலாசமும் குடுத்த என்னை மாதிரி ஆள்தான்.

நெல்லைக்காரி:
உங்கள் சிரமம் புரிகிறது, தம்பி. ஒன்று கேட்கிறேன். அந்த வாடிக்கையாளர்களின் எண் உங்களிடம் எப்படி வந்தது? பில் போடும்போது வாங்கியதுதானே? மருந்துக்கடையானாலும் செருப்புக்கடையானாலும் எண்ணைச் சொன்னால்தான் பில் நகர்கிறது. விளம்பரம் அனுப்பிக்கொள்ளுங்கள் என்று அவர்கள் எப்போது சொன்னார்கள்?

கோவை வழக்குரைஞர்:
பில்லுக்குக் கொடுத்த எண் விளம்பரத்துக்கு ஒப்புதல் ஆகாது. 2018 விதிமுறையில், வாடிக்கையாளரின் நடத்தையிலிருந்தோ கடைக்கும் அவருக்கும் உள்ள உறவிலிருந்தோ ஒப்புதலை ஊகித்துக்கொள்ள இடம் உண்டு. வாங்கிய பொருள் எப்போது வந்து சேரும் என்று சொல்ல அது போதும். ஆடித் தள்ளுபடி வரை அதை இழுக்க முடியாது என்பது என் கருத்து. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், ஒப்புதல் எந்த நோக்கத்துக்குத் தரப்பட்டதோ அதற்கு மட்டும்தான் என்கிறது.

ஆனால், அம்மணி, இழப்பீட்டை நான் எதிர்க்கிறேன். அமெரிக்காவில் தொலைபேசி நுகர்வோருக்கான 1991-ஆம் ஆண்டுச் சட்டப்படி, விதி மீறிய ஒவ்வொரு அழைப்புக்கும் 500 டாலர் கேட்டு வழக்குப் போடலாம். தெரிந்தே செய்தது என்று நிரூபித்தால் 1,500 வரை போகும். அங்கே இந்த வழக்குகளையே பிழைப்பாக்கிக்கொண்டவர்கள் உண்டு. கனடா இன்னும் கடுமையான சட்டத்தை 2014 ஜூலை 1 முதல் கொண்டுவந்தது. முன் ஒப்புதல் கட்டாயம். நிறுவனத்துக்கு ஒரு கோடி கனடிய டாலர் வரை அபராதம். தனிநபர் நேரடியாக வழக்குத் தொடுக்கும் பிரிவு மட்டும் 2017 ஜூலையில் தொடங்க இருந்தது. சிறு வணிகர்களும் தொண்டு அமைப்புகளும் பயந்துபோய் முறையிட, அரசே முந்தைய மாதம் அதை நிறுத்திவைத்தது. அபராதம் அரசிடம் இருக்கட்டும், வழக்கு ஆளுக்காள் வேண்டாம்.

சிங்கை வாசகர்:
இங்கே 2007-இன் ஸ்பேம் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் நடுவழி ஒன்று இருக்கிறது. 24 மணி நேரத்தில் 100-க்கு மேல், அல்லது 30 நாளில் 1,000-க்கு மேல், அல்லது ஓர் ஆண்டில் 10,000-க்கு மேல் அனுப்பினால்தான் அது மொத்தமாக அனுப்பிய செய்தியாகக் கருதப்பட்டுச் சட்டத்துக்குள் வரும். பாதிக்கப்பட்டவர் வழக்குப் போட்டால் ஒரு செய்திக்கு 25 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) வரை நீதிமன்றம் கொடுக்கலாம். மதுரைக்காரர் பத்து இருபது பேருக்கு அனுப்பினால் இதில் மாட்ட மாட்டார். ஆனால் எங்கள் சட்டம் முன் ஒப்புதல் கேட்பதில்லை, விலகும் வழி தந்தால் போதும் என்கிறது. அதை நான் குறையாகத்தான் பார்க்கிறேன்.

நிஜமாகவே மாற்றம் கொண்டுவந்தது வேறொன்று. 2023 ஜனவரி இறுதியிலிருந்து, பதியாத பெயரில் எஸ்எம்எஸ் அனுப்பினால் அது மோசடியாக இருக்கக்கூடும் என்ற முத்திரையோடுதான் வருகிறது. என் அம்மா அந்த முத்திரையைப் பார்த்தாலே அழித்துவிடுகிறார்.

மொத்த எஸ்எம்எஸ் ஊழியர்:
அனுப்பும் பக்கத்திலிருந்து பேசுகிறேன். இறுக்க இறுக்க முதலில் நிற்பது தேவையான செய்தி. 2021 மார்ச் 8-ஆம் தேதி டிஎல்டி வடிகட்டலை முழுமையாக இயக்கினார்கள். டெம்ப்ளேட் ஒத்துப்போகாத செய்தியெல்லாம் வெட்டப்பட்டது. நாடு முழுக்க ஓடிபி வராமல் பணப் பரிமாற்றம் நின்றது, தடுப்பூசிப் பதிவு தடுமாறியது. மறுநாளே டிராய் அதை ஒரு வாரத்துக்குத் தள்ளிவைத்தது. அந்த இரண்டு நாள் எங்கள் அலுவலகத்தில் போனைக் கீழே வைக்க முடியவில்லை.

அதற்கு முன் 2011-இல் ஒரு சிம்முக்கு நாளொன்றுக்கு 100 எஸ்எம்எஸ்தான் என்றார்கள், பிறகு 200 ஆக்கினார்கள். விளம்பரமே இல்லாத தனிநபர் செய்தியையும் அது தடுக்கிறது என்று 2012-இல் டெல்லி உயர்நீதிமன்றம் அந்த வரம்பை ஏற்க மறுத்தது. எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் போடுகிற விதி நல்லவனையும் சேர்த்து அடிக்கும். சிங்கை முறைக்கும் இதையேதான் சொல்வேன்.

நெல்லைக்காரி:
2021-இல் ஓடிபி நின்றதற்கு விதி காரணமில்லை. விதி வந்து இரண்டரை ஆண்டு ஆகியும் பெரிய நிறுவனங்கள் டெம்ப்ளேட்டைப் பதியாமல் இருந்தன. மதுரையில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் செய்த வேலையை, கோடிக்கணக்கில் செய்தி அனுப்புகிறவர்களால் ஏன் செய்ய முடியவில்லை? பதிந்த பிறகு ஓடிபி ஒழுங்காகத்தானே வருகிறது.

வழக்குரைஞர் ஐயாவுக்கு: அபராதம் அரசிடம் இருக்கட்டும் என்கிறீர்கள். 2025 திருத்தத்தில் தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கு முதல் முறை 2 லட்சம், அடுத்து 5 லட்சம், அதற்குப் பிறகு 10 லட்சம் என்று வைத்திருக்கிறார்கள். எதற்கு? தொல்லைச் செய்திகளின் கணக்கைத் தவறாகக் காட்டியதற்கு. தொல்லைப்பட்ட என் அப்பாவுக்கு அதில் என்ன இருக்கிறது? ஒரு செய்திக்கு நூறு ரூபாய் என்றுகூட வைக்கலாம், அதுவும் நுகர்வோர் ஆணையம் வழியாக. அதை நம்பி யாரும் வழக்குத் தொழில் நடத்த மாட்டார்கள்.

மதுரை ஜவுளி:
நூறு ரூபாய்னா ஆயிரம் பேருக்கு ஒரு லட்சம். என் கடையில ஆடி லாபமே அவ்வளவுதான்.

அதோட இந்த வருஷம் நான் எஸ்எம்எஸ்ஸே போடலை. வாட்ஸ்அப் பிராட்காஸ்ட்ல அனுப்பினேன். ஹெடர் இல்லை, டெம்ப்ளேட் இல்லை, சேலைப் படத்தையும் சேர்த்து அனுப்பலாம். எங்க தெருவுல எல்லாக் கடையும் அப்படித்தான். நீங்க கேக்கற சட்டம் எஸ்எம்எஸ்ஸுக்கு மட்டும் வந்தா எங்களுக்குக் கவலையே இல்லை.

கோவை வழக்குரைஞர்:
இவர் சொல்வதுதான் பெரிய ஓட்டை. டிராய் விதிமுறை தொலைத்தொடர்பு நிறுவனங்கள் வழியாகப் போகும் அழைப்புக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும்தான். வாட்ஸ்அப்பும் மின்னஞ்சலும் அதில் இல்லை. மின்னஞ்சல் தொல்லைக்கு ஒரு காலத்தில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ-வில் ஓர் உட்பிரிவு இருந்தது. எரிச்சலூட்டவோ, அனுப்பியவர் யார் என்று ஏமாற்றவோ மின்னஞ்சல் அனுப்பினால் குற்றம் என்று. பேச்சுரிமையை நெரிக்கிறது என்று 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் 66ஏ முழுவதையும் ரத்து செய்தபோது அதுவும் போனது. தீர்ப்பு சரியானதே. ஆனால் அந்த இடத்தில் மின்னஞ்சல் விளம்பரத்துக்கென்று தனிச் சட்டம் எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை.

அம்மணி கேட்கும் முன் ஒப்புதலுக்குச் சட்டத்திலேயே வேர் இருக்கிறது. 2023-இன் தொலைத்தொடர்புச் சட்டம், 28-ஆம் பிரிவு: பொருள், சேவை, சொத்து, வேலை, முதலீடு ஆகியவற்றை விளம்பரப்படுத்தும் செய்திகளுக்குப் பயனரின் முன் ஒப்புதல் வேண்டும் என்று அரசு விதி செய்யலாம். வாட்ஸ்அப் போன்றவை அந்தச் சட்டத்துக்குள் வருமா என்பதில்தான் சண்டை.

நெல்லைக்காரி:
வர வேண்டும். இல்லாவிட்டால் எஸ்எம்எஸ்ஸில் பூட்டுப் போட்டதெல்லாம் வீண். இன்று அப்பாவுக்கு மனை விளம்பரம் வாட்ஸ்அப்பில் வந்தால் நான் எங்கே புகார் கொடுப்பது? 1909 எடுத்துக்கொள்ளாது. அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் உள்ள சக்ஷு என்ற புகார் வசதி மோசடிச் சந்தேகத்துக்கானது. எண்ணைத் தடுத்துவிட்டு, அடுத்த எண்ணுக்குக் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. எதில் அனுப்பினாலும் விளம்பரம் விளம்பரம்தான் என்று அந்த விதி சொல்ல வேண்டும். இழப்பீட்டையும் நான் விடவில்லை.

மதுரை ஜவுளி:
இழப்பீட்டுக்கு நான் ஒத்துக்க மாட்டேன், அக்கா. ஒப்புதல்னா சரி. பில்லுல தனியா ஒரு கட்டம் போட்டு, தள்ளுபடிச் செய்தி வேணுமான்னு கேட்டு டிக் வாங்கிக்கறேன். ஆனா தேர்தல் நேரத்துல பதிவு பண்ணின குரல்ல ஓட்டுக் கேக்கறாங்களே, அவங்களும் என்னை மாதிரி ஒப்புதல் வாங்கணுமா?

கோவை வழக்குரைஞர்:
நான் மேலே சொன்ன பட்டியலில் அரசியல் பிரச்சாரம் இல்லை.

நெல்லைக்காரி:
அப்படியானால் அதையும் அந்தப் பட்டியலில் சேர்க்கச் சொல்லிக் கேட்போம். யார் எழுதுகிறீர்கள், நானா, நீங்களா?