‘மூட்டு நெட்டி’: ஒலிக்குப் பெயரிடுவதா, காரணத்துக்கா?

அனைவருக்கும் வணக்கம்.

விரல் மூட்டை இழுக்கும்போது எழும் ஒலிக்குத் தமிழ்க் கலைச்சொற்களாக இங்கே முன்வைக்கப்பட்ட ‘எலும்புரசல் ஒலி’, ‘குமிழ்வெடிப்பொலி’ ஆகிய இரண்டையும் ஏற்கத் தயங்குகிறேன். முதலாவது பிழையானது. அங்கே எலும்புகள் உரசுவதில்லை. மூட்டின் இரு பரப்புகளும் விலகுகின்றன, இடையிலுள்ள மூட்டுநீரில் அழுத்தம் சட்டென்று குறைகிறது, அதில் கரைந்திருந்த வாயு குமிழாகிறது. அந்த வாயு மீண்டும் கரைய ஏறத்தாழ இருபது நிமிடங்கள் ஆவதால்தான் ஒரே விரலில் உடனே மறுமுறை நெட்டி விழுவதில்லை.

இரண்டாவது சொல் ஆய்வாளர்களிடையே முடியாத வழக்கில் தீர்ப்பே எழுதிவிடுகிறது. 1947இல் லண்டனில் ராஸ்டனும் ஹெய்ன்ஸும் எக்ஸ்ரே படங்களைக் கொண்டு குமிழ் தோன்றுவதே ஒலிக்குக் காரணம் என்றனர். 1971இல் லீட்ஸ் ஆய்வாளர்கள் குமிழ் குலைவதே காரணம் என்றனர். 2015இல் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் எடுத்த எம்.ஆர்.ஐ. படங்களில் ஒலி எழுந்த பின்னும் மூட்டுநீரில் தோன்றிய வாயுக்குழி அப்படியே இருந்தது. 2018இல் வந்த கணித மாதிரியோ, குமிழ் ஓரளவு குலைந்தாலே அந்த ஒலி எழும் என்றது. ஆகவே காரணத்தை விட்டுவிட்டு ஒலிக்கே பெயரிடுவோம்.

அதற்குச் சொல் கைவசம் இருக்கிறது. குழந்தையின் முகத்தை இரு கைகளாலும் வழித்து, விரல்களை மடக்கித் தன் நெற்றிப்பொட்டில் அழுத்தி மூதாட்டி திருஷ்டி கழிக்கும்போது படபடவென்று விழுவது நெட்டிதான். ‘சொடக்கு’ என்பதும் வழக்கில் உண்டு. ஆனால் கட்டைவிரலும் நடுவிரலும் சேர்ந்து ‘போடும்’ சொடக்கோடு அது குழம்பும். தஞ்சாவூர்க் கைவினையில் நெட்டி என்பது நீர்ச்செடி ஒன்றின் மென்தண்டைக் குறிக்குமே என்ற மறுப்பு வரலாம். ‘மூட்டு நெட்டி’ என்றால் அந்த ஐயம் எழாது.

நீர்மத்தால் ஒட்டிய இரு பரப்புகள் சட்டென்று பிரியும்போது குமிழ் உண்டாவதைக் குறிக்கும் ‘டிரைபோநியூக்ளியேஷன்’ என்பதற்கு ‘உராய்வுக் கருவாக்கம்’ என்பது சொல்லுக்குச் சொல் சரி, ஆனால் படிப்பவருக்கு மீண்டும் உரசல்தான் நினைவுக்கு வரும். நனைந்து ஒட்டிக்கொண்ட இரண்டு கண்ணாடித் தகடுகளைப் பிரிக்க முயன்றால், முதலில் விட்டுக்கொடுக்காமல் நின்று பிறகு ஒரே வெட்டில் விலகும். மூட்டிலும் நடப்பது அதுபோன்றதே. எனவே ‘பிரிகுமிழாக்கம்’ என்று முன்மொழிகிறேன். குமிழே பிரிகிறது என்றும் இதற்குப் பொருள் கொள்ளலாம் என்பது இச்சொல்லின் குறை. மேலான சொல் கிடைத்தால் விட்டுக்கொடுக்கிறேன்.

மூட்டு அசையும்போது எழும் உரசலொலியான ‘கிரெபிட்டஸ்’ நெட்டியினின்று வேறானது. மாடிப்படி ஏறும்போது முழங்காலில் தொடர்ந்து கேட்கும் அதற்கு இருபது நிமிட இடைவெளி தேவையில்லை. ‘நறநறப்பு’ என்றே வைக்கலாம்.

‘மூட்டு நெட்டி’க்கு எழுதும் விளக்கக் குறிப்பில் ‘மூட்டுவாதம் உண்டாக்கும்’ என்ற வரி வேண்டா. கலிபோர்னியா மருத்துவர் டொனால்ட் அங்கர் ஐம்பது ஆண்டுகளாக இடக்கையில் மட்டும் நாள்தோறும் இருமுறையாவது நெட்டி முறித்து, இரு கைகளிலும் மூட்டுவாதம் இல்லை என்று 1998இல் எழுதினார். 2009இல், சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் இக் நோபல் பரிசும் பெற்றார். ஒருவரின் கை சான்றாகாதுதான், ஆனால் 215 பேரை ஆராய்ந்த 2011ஆம் ஆண்டு ஆய்வும் தொடர்பு எதையும் காணவில்லை. 300 பேரை ஆராய்ந்த 1990ஆம் ஆண்டு ஆய்வு மட்டும் நெட்டி முறிப்போரிடம் கைவீக்கமும் பிடிவலிமைக் குறைவும் மிகுந்திருந்ததாகச் சொன்னது. அதிலும் மூட்டுவாதம் மிகுந்திருக்கவில்லை. ஆதலால் ‘தீங்கற்றது’ என்று அடித்துச் சொல்லாமல், ‘மூட்டுவாதத்தோடு தொடர்பு காணப்படவில்லை, வலியோ வீக்கமோ இருப்பின் மருத்துவரைக் காண்க’ என்று எழுதலாம்.