வகுப்பில் இட ஒதுக்கீட்டைப் பற்றி விவாதிக்கலாமா?

நெல்லை வாத்தியார்:
கலைக் கல்லூரியில் அரசியல் அறிவியல் நடத்துகிறேன். சென்னை மாகாணத்தின் சாதிவாரி ஒதுக்கீட்டை எதிர்த்த செண்பகம் துரைராஜன் வழக்கு, அந்த ஒதுக்கீடு செல்லாது என்ற 1951 தீர்ப்பு, அதையொட்டி ஒதுக்கீட்டுக்கு வழிசெய்து வந்த முதல் அரசியல் சட்டத் திருத்தம் என்று பாடமாகச் சொன்னால் ஒன்றுமில்லை, விவாதம் என்றதும் சக ஆசிரியர்களே "எதுக்கு சார், சண்டை வரும்" என்கிறார்கள். நான் நடத்தத்தான் செய்கிறேன். எதிர்த்தரப்பு சொன்னதை முதலில் உன் வாயால் சொல்லு, அவர் "ஆமாம், இதைத்தான் சொன்னேன்" என்று ஒப்புக்கொண்ட பிறகு உன் பதிலைச் சொல்லு. இது ஒன்றிலேயே கூச்சல் நன்றாகக் குறைகிறது.

முதல்தலைமுறை:
சார், அந்த விதி எல்லோருக்கும் ஒரே மாதிரி வலிக்காது. "தகுதி போச்சு" என்று ஒருவன் சொன்னதை, ஒதுக்கீட்டில் வந்த பெண் எழுந்து நின்று அவன் மனம் கோணாமல் திருப்பிச் சொல்ல வேண்டுமா? அவனுக்கு அது வெறும் வாதம், அவள் உட்கார்ந்திருக்கும் பெஞ்சே அதில் கேள்விக்கு உள்ளாகிறது. எங்கள் வகுப்பில் இப்படி விவாதம் நடந்தபோது எல்லோரும் இரண்டு பேரைத்தான் திரும்பிப் பார்த்தார்கள், "உன் கட்ஆஃப் என்ன" என்ற கேள்வி விடுதி வரைக்கும் வந்தது.

வைகைக்கரை:
அதற்காகப் பேசாமலே விட்டால், அதே பையன் வாட்ஸ்அப் குழுவில் பேசுவான், அங்கே மறுத்துப் பேச ஆள் இருக்காது. பொருளாதாரத்தில் நலிந்தோருக்கான 10 சதவீத ஒதுக்கீட்டை 2022-ல் உச்ச நீதிமன்றம் 3-2 என்றுதான் ஏற்றது, அப்போதைய தலைமை நீதிபதி லலித்தே மாறுபட்ட பக்கம் நின்றார். நீதிபதிகளுக்குள்ளேயே கருத்து வேறுபடும்போது, கேள்வி கேட்கிற மாணவனைச் சாதிவெறியன் என்று சொல்லி உட்கார வைப்பது நியாயமா? நான் தமிழ்நாட்டின் 69 சதவீத ஒதுக்கீட்டை ஆதரிப்பவன். ஏன் ஆதரிக்கிறேன் என்று எனக்குத் தெளிந்ததே எதிர்த்துப் பேசியவர்களால்தான்.

முதல்தலைமுறை:
உட்கார வைக்கச் சொல்லவில்லை. அந்தத் தீர்ப்பின் இரண்டு பக்கத்தையும் படித்துவிட்டு வாதாடட்டும், சந்தோஷம். ஆனால் கோர்ட்டில் எந்த வக்கீலும் எதிர்த்தரப்பு வக்கீலிடம் "நீ என்ன மார்க்" என்று கேட்பதில்லையே.

நெல்லை வாத்தியார்:
சரி, கட்ஆஃப், சாதி, "நீ எந்தக் கோட்டா" எதையும் யாரும் கேட்கக்கூடாது. யார் எந்தப் பக்கம் என்பதையும் சீட்டு குலுக்கி எடுக்கலாம்.

வைகைக்கரை:
சீட்டு வேண்டாம் சார். நம்பாததைப் பேச வைத்தால் பட்டிமன்றம் ஆகிவிடும்.

முதல்தலைமுறை:
எந்த முறையானாலும், பேச விரும்பாதவர் ஒதுங்க இடம் வேண்டும். அதற்காக இன்டர்னல் மார்க்கில் கை வைக்கக்கூடாது.

நெல்லை வாத்தியார்:
பேசாதவர்கள் எழுதிக் கொடுக்கட்டும், அதற்கும் அதே மார்க். துறைத்தலைவரிடம் இந்த வாரமே கேட்கிறேன்.