'ட்ரை நீட்லிங்': உலர் ஊசியா, வறட்டூசியா, வெற்றூசியா?

ஈசூன் மொழிபெயர்ப்பாளர், செவ்வாய் காலை 9.10

அனைவருக்கும் வணக்கம். கொஞ்சம் அவசரம். பக்கவாதம் வந்தவர்களின் தோள்வலி பற்றிய துண்டறிக்கை வெள்ளிக்கிழமை சிங்கப்பூரின் நான்கு மொழியிலும் அச்சுக்குப் போகிறது. அதில் 'ட்ரை நீட்லிங்' என்றொரு சிகிச்சை. தசை இறுகி முடிச்சிட்டுக் கிடக்கும் இடத்தில் மெல்லிய, துளையில்லாத ஊசியைக் குத்துவார்கள். மருந்து ஏற்றுவதில்லை, அதனால்தான் 'ட்ரை'. மலாயில் 'ஜாரும் கெரிங்' (காய்ந்த ஊசி) என்று போட்டு முடித்துவிட்டார்கள். சீனத்திலும் அதே பொருள்தான். நானும் 'உலர் ஊசி' என்று போட்டுவிடவா?

பிடோக் வாத்தியார், 9.42

அவசரப்படாதீர்கள் தம்பி. உலர் திராட்சை என்றால் முன்பு ஈரமாக இருந்தது, பிறகு காய்ந்தது. ஊசி எப்போது ஈரமாக இருந்தது? மலாய்க்காரர்கள் கருவாட்டையும் 'ஈக்கான் கெரிங்' என்பார்கள். அந்த வழியில் போனால் கருவாட்டு ஊசியில் போய் நிற்போம். நம்மிடம் 'வறட்டு' இருக்கிறது. சளி வராத இருமல் வறட்டு இருமல். மருந்து வராத ஊசி வறட்டூசி. முடிந்தது.

ஜூரோங் அக்கா, 10.15

முடியவில்லை ஐயா. நான் இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்), அந்த ஊசியைக் குத்துகிறவள். 'வறட்டு' என்றதும் வறட்டுப் பிடிவாதம், வறட்டுக் கௌரவம்தான் நினைவுக்கு வரும். பக்கவாதத்துக்குப் பிறகு தோளைத் தாங்கும் தசைகள் வலுவிழந்து மூட்டு கீழே இறங்கிவிடும். அப்புறம் நெஞ்சுத் தசையும் தோள்பட்டை எலும்புக்கு அடியில் இருக்கும் தசையும் இறுகி, கையை உடம்போடு இழுத்துப் பிடித்துக்கொள்ளும். சட்டை போட்டுவிடும்போதே ஆள் அலறுவார். வீட்டில் இருப்பவர்கள் தூக்கிவிடுகிறேன் என்று அந்தக் கையையே பிடித்து இழுப்பார்கள், அதுதான் எனக்கு ஆத்திரம். ஊசி அந்த இறுக்கத்தைக் கொஞ்ச நாள் தளர்த்தலாம், அந்த இடைவெளியில் பயிற்சி செய்யவைப்போம். இத்தனையும் சொல்லிவிட்டு 'வறட்டு' என்றால் யார் வருவார்கள்?

உட்லண்ட்ஸ் புலவர், 11.03

துளையும் இல்லை, நூல் கோக்கக் காதும் இல்லை. பட்டினத்தாரே பெயர் வைத்துவிட்டார்: காதற்ற ஊசி!

ஜூரோங் அக்கா, 11.05

'வாராதுகாண் கடைவழிக்கே' என்று மீதியையும் நோயாளியே சொல்லி முடிப்பார். பக்கவாத வார்டில் அது வேண்டாம் அண்ணே.

தோ பாயோ, 11.50

குத்தூசி மருத்துவம் என்ற சொல் பழக்கத்தில் இருக்கிறதே. அதையே போட்டால் என்ன?

ஈசூன் மொழிபெயர்ப்பாளர், 12.20

அது அக்குபங்சருக்குப் போய்விட்டது. ஊசி ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் அவர்கள் சீன மருத்துவப் புள்ளிகளைப் பார்த்துக் குத்துகிறார்கள், இவர்கள் தசை முடிச்சைத் தொட்டுப் பார்த்துக் குத்துகிறார்கள். சட்டமும் வேறு. அவர்கள் சீன மருத்துவர்களுக்கான 2000ஆம் ஆண்டுச் சட்டத்தில் வருகிறார்கள், இயன்மருத்துவர்கள் 2011ஆம் ஆண்டுச் சட்டத்தில். ஒரே சொல்லைப் போட்டால் ஆள் மாறி வேறு கதவைத் தட்டுவார்கள்.

உட்லண்ட்ஸ் புலவர், மதியம் 2.31

சரி, சிரிப்பு போதும். 1979இல் செக் நாட்டு மருத்துவர் கரெல் லெவிட் எழுதிய கட்டுரைதான் இந்த முறைக்கு அடித்தளம் என்பார்கள். உள்ளே செலுத்தும் மருந்து அல்ல, ஊசி குத்துவதே வலியைத் தணிக்கிறது என்பது அவர் வாதம். அதாவது, வெறும் ஊசி. வெறு + ஊசி, தன்னொற்று இரட்டி வெற்றூசி. வெற்றிலை போல.

பிடோக் வாத்தியார், 2.58

புணர்ச்சி சரி. பொருள்? வெற்றுப் பேச்சு, வெற்றுக் காகிதம். ஒன்றுக்கும் உதவாத ஊசி என்றாகிவிடும்.

உட்லண்ட்ஸ் புலவர், 3.10

ஒன்றுக்கும் உதவாத இலையையா ஐயா தாம்பூலத் தட்டில் வைக்கிறோம்? பூக்காமல் காய்க்காமல் வெறும் இலை மட்டும் விடுவதால் வெற்றிலை.

தோ பாயோ, 3.26

வெற்றிலையும் பூக்கும். மிளகுக்குச் சொந்தக்காரக் கொடி அது. நம் கண்ணில் படுவது அபூர்வம், அவ்வளவுதான்.

(இதன் பிறகு வெற்றிலை பற்றி 14 மடல்கள். தேக்கா சந்தையில் எந்தக் கடையில் நல்ல வெற்றிலை கிடைக்கும் என்பது வரை போனது. வேண்டுவோர் தனி இழையில் காண்க. – மட்டுறுத்துநர்)

ஜூரோங் அக்கா, புதன் காலை 8.05

நேற்று ஒரு பாட்டியிடம் சோதித்துப் பார்த்தேன். 'ஊசி' என்றதும், "என்ன மருந்து போடுவீங்க?" என்றார். நமக்கு ஊசி போடுவது என்றாலே மருந்து ஏற்றுவதுதானே. உலர் ஊசி, வறட்டூசி, வெற்றூசி மூன்றையும் சொன்னேன். மூன்றுக்கும் முழித்தார். மருந்தே கிடையாது பாட்டி, வெறும் ஊசிதான் என்றேன். "ஓ, கோசோங் ஊசியா!" என்றார். உள்ளே எதுவும் வைக்காத பரோட்டா கோசோங், பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங் மாதிரி.

உட்லண்ட்ஸ் புலவர், 8.20

ஆகா! கோசோங் என்றால் வெறுமை. வெற்றூசியைத்தானே பாட்டி மலாயில் சொல்லியிருக்கிறார்!

பிடோக் வாத்தியார், 8.34

மலாய்ச் சொல்லைப் போட்டு அச்சடிக்கவா இத்தனை ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தேன்?

ஈசூன் மொழிபெயர்ப்பாளர், வியாழன் மாலை 6.40

இனி என்னால் தள்ளிப்போட முடியாது. வெற்றூசிக்கு 5 பேர், உலர் ஊசிக்கு 2 பேர், வறட்டூசிக்கு வாத்தியார். தலைப்பில் 'வெற்றூசிச் சிகிச்சை', அடியில் 'மருந்து ஏற்றாமல் ஊசி மட்டும் குத்தும் முறை'. அக்கா கேட்டபடி இரண்டு வரி தடித்த எழுத்தில்: ரத்தத்தை மெலிதாக்கும் மருந்து சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள், குத்திய பிறகு மூச்சு வாங்கினால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள், தோளுக்குப் பக்கத்தில்தான் நுரையீரல் இருக்கிறது.

பிடோக் வாத்தியார், 7.02

என் மறுப்பு ஆவணத்தில் இருக்கட்டும். அப்புறம், 'சிகிச்சை' வடசொல். 'பண்டுவம்' என்று மாற்ற இன்னும் நேரமிருக்கிறதா?