நம்பிக்கை இல்லாத ஓவியர் அம்மனை வரையலாமா?

மயிலைத் தொண்டன் எழுதியது:

இந்த இணையக் குழுவில் 'வண்ணத்திரை' என்ற பெயரில் எழுதிவரும் டிஜிட்டல் ஓவியர், தமக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை என்பதையும், சமயச் சார்பற்ற மனிதநேயமே தம் நிலைப்பாடு என்பதையும் ஒளிக்காமல் சொல்லி வருபவர். அவர் வடசென்னைக் கோயில் ஒன்றின் ஆடித் திருவிழா அழைப்பிதழுக்காக மாரியம்மன் படம் வரைந்து, அதைச் சென்ற வாரம் இங்கே வெளியிட்டார். படம் அழகாகவே இருக்கிறது. ஆனால் அழகான படம் வேறு, தெய்வ உருவம் வேறு என்று நான் கருதுகிறேன்.

நம் சிற்ப மரபில் உருவத்தின் உயரமும் முகத்தின் நீளமும் 'தாலம்' என்ற அளவுக் கணக்கில் வகுக்கப்பட்டுள்ளன. எந்தக் கையில் எது இருக்க வேண்டும், அமர்ந்த கோலமா நின்ற கோலமா என்பதைத் தியான சுலோகம் சொல்கிறது. சிற்பி அதை மனத்தில் நிறுத்தி, உருவத்தை உள்ளே கண்ட பிறகே உளியை எடுக்கிறார். எல்லாம் முடிந்த பிறகு கண் திறக்கும் சடங்கு நடக்கிறது. இவற்றை வெறும் தொழில்நுட்பக் குறிப்புகளாக நான் பார்க்கவில்லை. செய்பவரின் உள்ளத்தைச் செய்பொருளுக்கு ஏற்ப ஒழுங்குபடுத்தும் வழிகள் இவை. உள்ளே காணாத ஒன்றை வெளியே வரைவது வேடமாகாதா?

மற்றொன்றும் கேட்க வேண்டும். இதே ஓவியர் அம்மை நோயையும் தடுப்பூசியையும் பொருளாகக் கொண்டு ஒரு தனி ஓவிய வரிசையை வெளியிட்டு வருகிறார். அதில் வேப்பிலையும் மஞ்சளும் வருகின்றன. எங்கள் வழிபாட்டுப் பொருள்களை எடுத்து எங்களுக்கு எதிரான வாதத்துக்குச் சான்றாக வைப்பது முறையா?

வண்ணத்திரை எழுதியது:

ஐயா, மரியாதையோடு கேட்டிருக்கிறீர்கள். விரிவாகவே பதில் சொல்கிறேன்.

விழாக்குழுவினர் வந்தபோது, எனக்கு நம்பிக்கை இல்லை என்பதைத்தான் முதலில் சொன்னேன். அவர்களில் மூத்தவரான ஓர் அம்மா, "உனக்கு இல்லாட்டி என்னம்மா, எங்களுக்கு இருக்குது, நீ நல்லா வரைஞ்சு குடு" என்றார். அவர்களும் நானும் ஒருவரையொருவர் ஏமாற்றவில்லை. இல்லாத பக்தியை இருப்பதாகக் காட்டியிருந்தால் அதை வேடம் என்று நீங்கள் சொல்வது சரியாக இருந்திருக்கும்.

மரபை நான் அலட்சியம் செய்யவுமில்லை. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் செப்புத்திருமேனிக் கூடத்தில் உட்கார்ந்து வரைந்து வரைந்துதான் உடலமைப்பைக் கற்றேன். அங்குள்ள திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரருக்கு மூன்று கைகள்: சிவன் பாதியில் இரண்டு, உமை பாதியில் ஒன்று. அப்படியிருந்தும் எந்தப் பக்கமும் கனத்துத் தெரியாமல் அந்த உடல் நிற்கும் விதத்தைப் பார்த்தபோது, அதை வார்த்தவர் மனித உடலை எவ்வளவு அன்போடு கவனித்திருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றியது. அந்தக் கவனிப்புக்குத் தெய்வ நம்பிக்கை காரணமாக இருந்திருக்கலாம். அதை மறுக்க நான் யார்? ஆனால் அந்தக் கவனிப்பை ஒருவர் நம்பிக்கை இல்லாமலும் கற்றுக்கொள்ள முடியும் என்பதற்கு நானே சான்று.

மாரியம்மனுக்குரிய சூலம், உடுக்கை, பாசம், கபாலம் நான்கையும் குழுவினர் காட்டிய பழைய படத்தை ஒட்டியே வரைந்தேன். திரையில் கோட்டுக்கு ஓர் அடுக்கு (லேயர்), உடலுக்கு ஓர் அடுக்கு, நகைக்கும் சேலைக்கும் தனித்தனி அடுக்குகள் என்று பிரித்துக்கொண்டேன். என் வரைபலகை பேனாவின் அழுத்தத்தை 8192 படிகளில் உணரும். அதனால் புருவத்தின் நுனி மெலிவதைக் கையே தீர்மானிக்கிறது. திரையில் ஒளியாகச் சுடரும் குங்குமச் சிவப்பு, அச்சின் நான்கு மைகளுக்கு மாறும்போது மங்கிவிடும். அதைச் சரிசெய்யச் சிவப்பைக் கூட்டிப் பயனில்லை. சுற்றியுள்ள வேப்பிலைப் பச்சையைத் தணித்தால்தான் சிவப்பு எழுந்து நிற்கும். கண்களை நானும் கடைசியில்தான் வரைந்தேன். முகத்தில் ஒளி எங்கிருந்து விழுகிறது என்பது முடிவான பிறகே விழியில் வெண்புள்ளி இட முடியும் என்பதால் அந்த வரிசை.

நான் உள்ளே எதையும் காணவில்லை என்கிறீர்கள். கண்டேன், ஐயா. இந்தியாவில் பெரியம்மையின் கடைசி நோயாளி பதிவானது 1975-இல். உலகிலிருந்தே அது ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 1980-இல். அதற்கு முந்தைய தலைமுறைகளில், மருந்தே இல்லாத ஒரு நோயில் கிடந்த பிள்ளையின் அருகே வேப்பிலையோடு விழித்திருந்த தாய்க்கு, முறையிடவும் கோபித்துக்கொள்ளவும் ஒரு முகம் தேவைப்பட்டது. அந்தத் தாய் பொய் இல்லை, அவள் அச்சமும் பொய் இல்லை. நான் வரைந்தது அவள் நிமிர்ந்து பார்த்த முகத்தை.

தடுப்பூசி வரிசையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1899-இல் நிறுவப்பட்ட கிண்டி கிங் நோய்த்தடுப்பு மருத்துவ நிறுவனத்தில்தான் இம்மாநிலத்துக்கான பெரியம்மைத் தடுப்பு மருந்து தயாரானது. அம்மன் கோயிலும் கிங் நிறுவனமும் ஒரே ஊரில், ஒரே நோயை எதிர்கொண்டவை. அந்த வேப்பிலை உங்கள் வீட்டு வாசலில் இருந்தது போலவே என் பாட்டி வீட்டு வாசலிலும் இருந்தது. நினைவுகூர எனக்கும் உரிமை உண்டு.

கேள்விக்குறி எழுதியது:

தோழர் வண்ணத்திரை, நான் எதிர்த்திசையிலிருந்து வருகிறேன். மயிலைத் தொண்டன் ஐயாவுக்கு உங்கள் நம்பிக்கையின்மை இடறுகிறது. எனக்கு உங்கள் ஓவியம் இடறுகிறது.

இந்த ஊரில் கடவுள் மறுப்புச் சிந்தனை நேற்று முளைத்ததன்று. 'தத்துவவிவேசினி' என்ற சுதந்திரச் சிந்தனை இதழ் 1882 முதல் 1888 வரை சென்னையில் தமிழில் வெளிவந்தது. 1925-இல் சுயமரியாதை இயக்கம் எழுந்தது. 1953 மே 27 அன்று பெரியார் பிள்ளையார் உருவங்களை உடைக்கும் போராட்டத்தை நடத்தினார். அவருக்குக் களிமண்ணின் மேல் பகை ஏதும் இல்லை. மக்களைப் பிரித்துக் கீழே வைத்த அதிகாரம் உருவங்களின் வழியாகவே வீட்டுக்குள் நுழைந்தது என்பதைக் கண்ணெதிரே காட்ட விரும்பினார். அந்த மரபில் வந்தவர் தம் முழுத் திறமையையும் செலுத்தி ஓர் உருவத்தை மேலும் கவர்ச்சியாக்கிக் கொடுப்பதை நான் எப்படிப் புரிந்துகொள்வது?

அரசமைப்புச் சட்டத்தின் 51ஏ பிரிவில் 1976-இல் சேர்க்கப்பட்ட கடமைகளுள் அறிவியல் மனப்பான்மையும் மனிதநேயமும் ஒரே வரியில் இடம்பெற்றுள்ளன. அவற்றைப் பிரிக்க முடியாது. பெரியம்மை போய்விட்டது, ஆனால் தட்டம்மையும் சின்னம்மையும் இருக்கின்றன. உங்கள் படத்தின் முன் கற்பூரம் ஏற்றிவிட்டு, காய்ச்சல் கண்ட பிள்ளையை மருத்துவரிடம் காட்டாமல் ஒரு தாய் வீட்டிலேயே வைத்திருந்தால், அந்தத் தாமதத்தில் உங்கள் வண்ணங்களுக்குப் பங்கில்லையா? கூலிக்காக வரைந்தேன் என்று சொல்லியிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். எல்லாருக்கும் வயிறு உண்டு. கொள்கையோடு வரைந்தேன் என்கிறீர்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

வண்ணத்திரை எழுதியது:

தோழர், உங்கள் கேள்விதான் இந்த இழையிலேயே கடினமானது. அழைப்பிதழை வடிவமைத்தபோது அந்தத் தாயை நானும் நினைத்தேன். ஆகவே அதன் பின்பக்கத்தில், தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசியின் முதல் தவணை குழந்தைக்கு 9 மாதம் முடிந்ததும், இரண்டாம் தவணை 16 முதல் 24 மாதங்களுக்குள்ளும் போடப்படுகிறது என்பதையும், பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமைதோறும் இலவசமாகப் போடுகிறார்கள் என்பதையும் அச்சிடலாம் என்று குழுவினரிடம் சொன்னேன். அவர்கள் தயங்கவே இல்லை. கூழ் வார்க்கும் நேரத்தை அறிவிக்கும் பத்திக்கு அடுத்து இடம் ஒதுக்கினார்கள். நான் அந்தப் படத்தை வரைய மறுத்திருந்தால் அந்தத் தெருவின் வீடுகளுக்குள் இந்தச் செய்தி இந்த வழியில் போயிருக்காது.

எதை வரைய மாட்டேன் என்பதையும் சொல்கிறேன். நோய் தீரும், குழந்தை பிறக்கும், கடன் அடையும் என்று பணம் பறிக்கும் பரிகார விளம்பரங்களுக்கு நான் வரைவதில்லை. ஒரு சாதியை இன்னொரு சாதிக்கு மேலே நிறுத்தும் சுவரொட்டிகளையும் செய்வதில்லை. இதே விழாவுக்குச் சாலையோரப் பதாகை கேட்டார்கள், மறுத்துவிட்டேன். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் பதாகை சரிந்து ஓர் இளம்பெண் உயிரிழந்ததை இந்த ஊர் மறந்துவிடக் கூடாது. என் மறுப்புகள் எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோல்தான்: இதனால் யாருக்குத் தீங்கு? அந்த அளவுகோலில் திருவிழா அழைப்பிதழ் தேறுகிறது என்பது என் தீர்ப்பு. உங்கள் தீர்ப்பு வேறாக இருக்கலாம்.

மனிதநேயம் கலையைச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும் என்பதும் சரியன்று. உலக மனிதநேய அமைப்புகளின் 2002-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் அறிவிப்பு, கலைப் படைப்பையும் கற்பனையையும் தன் அடிப்படைகளுள் ஒன்றாகவே வைத்திருக்கிறது. என் பணியில் பெரும்பகுதி சுயமரியாதைத் திருமண அழைப்பிதழ்களும் பள்ளிப் பாட விளக்கப் படங்களும்தான். அவற்றை வரையும் அதே கைதான் இதையும் வரைந்தது.

மயிலைத் தொண்டன் எழுதியது:

அழைப்பிதழின் பின்பக்கச் செய்தியைப் பற்றி நான் அறிந்திருக்கவில்லை. அதில் எனக்கு மறுப்பேதும் இல்லை. அம்மனின் விழாவில் குழந்தைகளின் நலம் பேசப்படுவது பொருத்தமானதே.

ஆனால் ஒரு கவலை மிஞ்சுகிறது. நம்பிக்கை உள்ளவருக்கு ஓர் எல்லை தானாகவே இருக்கும். தங்களுக்கு அது இல்லை. நாளை எங்கள் மனம் புண்படும்படி அம்மனை வரைய மாட்டீர்கள் என்பதற்கு என்ன உறுதி?

வண்ணத்திரை எழுதியது:

அப்படி ஓர் உறுதியை நான் தர மாட்டேன், ஐயா, நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். பாரத மாதாவை ஆடையின்றி வரைந்ததாக ஓவியர் எம்.எஃப். உசேன் மீது தொடுக்கப்பட்ட வழக்குகளை 2008-இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் தள்ளுபடி செய்த நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல்தான், பின்னர் சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக, 2016-இல் 'மாதொருபாகன்' நாவல் தொடர்பான பெருமாள்முருகன் வழக்கிலும் எழுத்தாளரின் பக்கம் நின்றார். இருந்தும், நாட்டைவிட்டு வெளியேறியிருந்த உசேன் திரும்பாமலே 2011-இல் இலண்டனில் இறந்தார். முன்கூட்டியே உறுதி கேட்கும் பழக்கம் கலைஞரை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நான் தரக்கூடியது வேறு. உங்களைக் காயப்படுத்துவதற்கென்றே எதையும் வரைய மாட்டேன். வரைந்த எதைப் பற்றியும் நீங்கள் கேட்டால், இப்போது சொல்வது போலவே உட்கார்ந்து பதில் சொல்வேன்.

சிந்தாதிரிப்பேட்டைவாசி எழுதியது:

மூவரும் தெய்வத்தைப் பற்றியும் கொள்கையைப் பற்றியும் பேசுகிறீர்கள். நான் பிழைப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

என் தந்தை சினிமா பதாகை ஓவியர். கையகலப் புகைப்படத்தின் மேல் கட்டம் போட்டு, அதே கட்டங்களைத் துணியில் பெரிதாக வரைந்து, சாரத்தில் ஏறி நின்று ஒரு கண்ணை மட்டுமே ஓர் ஆள் உயரத்துக்குத் தீட்டுவார். அவரும் அம்மனை வரைந்திருக்கிறார், வேளாங்கண்ணி மாதாவையும் வரைந்திருக்கிறார், கட்சித் தலைவர்களையும் வரைந்திருக்கிறார். யாரும் அவரிடம் நம்பிக்கை உண்டா என்று கேட்டதில்லை, உருவம் ஒத்திருக்கிறதா என்று மட்டுமே கேட்டார்கள். கணினியில் செய்த படத்தை ஃபிளெக்ஸில் அச்சிடும் இயந்திரம் வந்த சில ஆண்டுகளிலேயே அந்தத் தொழில் படுத்துவிட்டது. மனிதரை நடுவில் வைக்கும் கொள்கை என்கிறீர்கள். அந்த மனிதர்களின் வேலையைப் பறித்த கருவியைக் கையில் வைத்துக்கொண்டு இதைச் சொல்வது எப்படிப் பொருந்தும்?

வண்ணத்திரை எழுதியது:

அண்ணா, உங்கள் தந்தையின் தலைமுறை ஓவியர்கள் நடந்த பாதையில்தான் இப்போது நாங்களும் நிற்கிறோம். நான்கு சொற்களைத் தட்டினால் நான்கு நொடியில் அம்மன் படம் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள், எங்களைப் போன்றோர் இணையத்தில் வெளியிட்ட படங்களை எங்களைக் கேட்காமலே எடுத்துப் பழகியவை. இந்த விழாக்குழுவிலும் ஓர் இளைஞர் கைப்பேசியில் அப்படி ஒரு படத்தைச் செய்து காட்டினார். மினுமினுப்பு நிறைய இருந்தது. ஆனால் உடுக்கை இருக்க வேண்டிய கையில் வேறென்னவோ இருந்தது. அந்த அம்மாதான், "இது யாரு வூட்டு அம்மன்?" என்று கேட்டு அதை ஒதுக்கினார்.

கருவியைக் கைவிடுவதால் உங்கள் தந்தைக்கு வேலை திரும்பாது. செய்தவரின் பெயரைப் படத்தில் போடுவது, கூலியைக் குறைக்காமல் கொடுப்பது, கையால் செய்யக்கூடியதைக் கையால் செய்பவரிடமே கொடுப்பது ஆகியவை என்னால் முடியும். அந்த அழைப்பிதழின் தலைப்பெழுத்துகள் கணினி எழுத்துருவில் அமைந்தவை அல்ல. கடைப்பலகை எழுதி வாழும் ஒருவர் தூரிகையால் எழுதிக் கொடுத்தார்; அவர் பெயர் என் பெயருக்கு மேலே இருக்கிறது. இது போதுமானதன்று என்று எனக்குத் தெரியும். ஆனாலும் தெய்வம் உண்டா இல்லையா என்பதைவிட இந்தக் கேள்விக்குத்தான் நான் நாள்தோறும் கடன்பட்டிருக்கிறேன்.

கேள்விக்குறி எழுதியது:

தோழர், என் மறுப்பை நான் விலக்கிக்கொள்ளவில்லை. உங்கள் படத்தால் உருவ வழிபாடு வலுப்பெறுகிறது என்ற உறுத்தல் எனக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் அந்தப் பின்பக்கச் செய்தியைப் பற்றி ஒன்று கேட்கிறேன்: அழைப்பிதழைச் சுவரில் ஒட்டினால் பின்பக்கம் மறைந்துவிடுமே. அடுத்த ஆண்டு அதை முன்பக்கத்துக்குக் கொண்டுவர முடியுமா?

மயிலைத் தொண்டன் எழுதியது:

முன்பக்கம் அம்மனுக்குரியது. அம்மனின் திருவடிக்குக் கீழே, நிகழ்ச்சி நிரலோடு சேர்த்து வைப்பதானால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

வண்ணத்திரை எழுதியது:

படத்தை ஆறில் ஒரு பங்கு சுருக்கினால் நான்கு வரிகளுக்கு இடம் கிடைக்கும். குழுவினரிடம் தை மாதத்திலேயே கேட்டுவிடுகிறேன். எழுதிக் கொடுப்பவரும் தூரத்திலிருந்து படிக்கும் அளவில் அந்த எழுத்துகளைத் தடித்து எழுத முடியும் என்கிறார்.