பெரிய தளங்களை விட்டு வெளியே வந்தவர்கள்: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து அனுபவங்கள்

பாலக்கோடு செல்போன் கடை

வணக்கம். பாலக்கோட்டில் பதினோரு வருடமாகச் செல்போன் ரிப்பேர், ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறேன். முகநூல், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஒரே நிறுவனத்துடையவை. மூன்றையும் விட்டு வருகிற ஆடியோடு இரண்டு வருடம் ஆகிறது. ஏன் விட்டேன், அதனால் என்ன ஆனது என்று எழுதுகிறேன். இந்த வழியில் போனவர்கள், போய்விட்டுத் திரும்பியவர்கள், நீங்களும் எழுதுங்கள்.

என் தொழிலில் புது ஃபோன் செட் பண்ணித் தருவதுதான் தினப்படி வேலை. வருகிறவர்களில் பாதிக்கு மேல் வயதானவர்கள். மகன் பெங்களூரில் கட்டட வேலை, மகள் திருப்பூரில் பனியன் கம்பெனி. ‘பேரப்புள்ள மொகம் தெரியற மாதிரி பண்ணிக் குடு கண்ணு’ என்பார்கள். வாட்ஸ்அப்பை இறக்குவேன். தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதி கேட்கும். ‘அனுமதி’ என்பதைத் தட்டுவேன். எத்தனை ஆயிரம் முறை தட்டியிருப்பேனோ, ஒருமுறைகூட அதன் சொந்தக்காரரைக் கேட்டதில்லை.

ஒருநாள் மாரண்டஅள்ளிப் பக்கத்திலிருந்து ஓர் ஆயா வந்தார். பழைய பட்டன் ஃபோனில் இருந்த எண்களைப் புது ஃபோனுக்கு மாற்ற வேண்டும். மொத்தம் 43 எண்கள். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, பேத்தி பதிந்து கொடுத்திருக்கிறாள். பால் ஊத்தறவர், தக்காளி மண்டி, சுகர் டாக்டர், ஆட்டுக்காரர் என்று வரிசையாக வந்தது. நடுவில் ‘தாத்தா’ என்று ஒரு பெயர்.

‘இது யாரு ஆயா?’

‘எங்க வூட்டுக்காரருதான் சாமி. அவரு போயி மூணு வருசமாச்சு. அழிச்சிராத, இருந்துட்டுப் போவட்டும்.’

அழிக்கவில்லை. வழக்கம்போலச் செயலியை இறக்கினேன், வழக்கம்போல அது அனுமதி கேட்டது. அன்றைக்கு எனக்குக் கை வரவில்லை. இந்த 43 பேரில் என் கடைக்கு வந்தவர் ஒருவர்கூட இல்லை. பால்காரரைக் கேட்டேனா? மண்டிக்காரரைக் கேட்டேனா? செத்துப்போன மனிதரின் எண் உட்பட எல்லாம் என் ஒரு விரலால் எங்கேயோ இருக்கிற ஒரு கம்பெனியின் கணினிக்குப் போகப்போகிறது. வாட்ஸ்அப்பே வைத்திராதவர்களின் எண்ணும் சேர்ந்துதான் போகும்.

அப்போது எனக்கு நினைவுக்கு வந்தது கேம்பிரிட்ஜ் அனலிடிகா விவகாரம். 2018 மார்ச்சில் வெளியே வந்தது. உலகம் முழுக்க 8.7 கோடிப் பேர் வரையானவர்களின் முகநூல் விவரங்கள் தேர்தல் வேலை பார்த்த அந்த நிறுவனத்தின் கைக்குப் போயிருக்கலாம் என்று முகநூல் நிறுவனமே ஒப்புக்கொண்டது. அதில் இந்தியக் கணக்கு ஒன்று உண்டு. அந்த விவரங்களை எடுத்தது ஒரு வினாடி வினாச் செயலி. அதை இந்தியாவில் பதிவிறக்கியவர்கள் வெறும் 335 பேர். அவர்கள் மூலமாக மாட்டிக்கொண்ட நண்பர்களையும் சேர்த்தால் 5,62,455 பேர். 335 பேர் ‘சரி’ என்று தட்டியதற்கு ஐந்தரை லட்சம் பேர் விலை. மறுவருடம் அமெரிக்க அரசு அமைப்பு முகநூல் நிறுவனத்துக்கு 500 கோடி டாலர் அபராதம் போட்டது. அந்த ஐந்தரை லட்சம் பேரில் யாருக்கு என்ன கிடைத்தது?

‘எனக்கு மறைக்க ஒன்றுமில்லை’ என்று கடைக்கு வருகிறவர்கள் சொல்வார்கள். நானும் சொன்னவன்தான். இது என் ரகசியத்தைப் பற்றிய கேள்வி இல்லை என்று அன்றைக்குத்தான் உறைத்தது. என்னை நம்பி எண் கொடுத்தவர்களை நான் என்ன செய்கிறேன் என்பதுதான் கேள்வி.

ஆயாவிடம் எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவரே சொன்னார்: ‘மொய் நோட்டத் தூக்கி வெளியாளு கையில குடுக்கற மாதிரியா?’ ஆமாம் ஆயா என்றேன். ‘அப்ப வேற வழி பாரு.’

வாட்ஸ்அப் மாதிரியே பேச, எழுத உதவும் சிக்னல் என்ற வேறு செயலியைப் போட்டேன். தொடர்பு அனுமதியை மறுத்துவிட்டு மகன் எண்ணை மட்டும் கையால் தட்டினேன். பெங்களூரில் இருக்கும் மகனுக்கு ஃபோன் போட்டு அவரையும் இறக்கச் சொன்னேன். ‘ஒருத்தருக்காகத் தனியா ஒண்ணு வைக்கணுமாண்ணா?’ என்று அலுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை போட்டுவிட்டார். அன்று ராத்திரி என் கணக்குகளையும் மூடும் வேலையை ஆரம்பித்தேன்.

நியாயமாக ஒன்றைச் சொல்லவேண்டும். வாட்ஸ்அப்பில் நாம் எழுதுவதை நடுவில் யாரும் படிக்க முடியாது. 2016 முதல் முழுக்கக் குறியாக்கம் உண்டு, அந்தத் தொழில்நுட்பமே சிக்னலுடையதுதான். என் எதிர்ப்பு அங்கே இல்லை. யார் யாரோடு, எப்போது, எவ்வளவு நேரம் பேசுகிறோம் என்ற உறவு வரைபடத்தை விளம்பரத்தில் பிழைக்கிற ஒரு நிறுவனம் வைத்திருக்கிறதே, அதற்கு என்னால் இனி ஆள் சேர்த்துக் கொடுக்க முடியாது.

வியாபாரம் அடி வாங்கியது. வாடிக்கையாளர் குழுவில் 300 பேருக்கு மேல் இருந்தார்கள். ‘டெம்பர் கிளாஸ் வந்திருக்கிறது’ என்று ஒரு வரி போட்டால் மாலைக்குள் முப்பது பேர் வருவார்கள். முதல் ஆறு மாதம் அது நின்றேபோனது. இப்போது கடைக்கு வெளியே கரும்பலகை, அப்புறம் எஸ்எம்எஸ். ரீசார்ஜோடு ஒரு நாளைக்கு 100 எஸ்எம்எஸ் கிடைக்கிறது, அதை இத்தனை நாள் யாரும் தொட்டதே இல்லை.

பாப்பாரப்பட்டி ஆசிரியை

நான் போய்விட்டுத் திரும்பியவள். அதையும் எழுதுகிறேன்.

எங்கள் ஊரில்தான் சுப்பிரமணிய சிவா கடைசியாக வாழ்ந்து 1925 ஜூலை 23 அன்று இறந்தார். தொழுநோய் என்று ரயிலில் ஏறவிடாமல் வெள்ளைக்கார அரசு தடுத்தபோது நடந்தே ஊர் ஊராகப் போனவர். ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளை மணிமண்டபத்துக்கு அழைத்துப் போவேன். அவருடைய தோழர் வ.உ.சி.யின் கப்பல் கதையையும் சேர்த்துச் சொல்வேன். 1906இல் தொடங்கிய சுதேசிக் கப்பலை ஒழிக்க வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, பிறகு இலவசமாகவே ஏற்றிக்கொண்டது, கூடக் குடையும் கொடுத்தது. சுதேசிக் கப்பல்கள் ஆளில்லாமல் ஓடின. போன வருடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, ‘மிஸ், வாட்ஸ்அப்பும் ஃப்ரீதானே?’ என்று கேட்டான். என்னால் அன்று பாடத்தைத் தொடர முடியவில்லை.

அடுத்த வாரம் வாட்ஸ்அப்பை நீக்கினேன். ஏழு வாரம் தாக்குப்பிடித்தேன். சுற்றறிக்கை, தேர்வு அட்டவணை, பெற்றோர் கேள்வி எல்லாம் அந்தக் குழுவில்தான் வருகிறது. ஒரு நாள் பயிற்சிக் கூட்டம் இடம் மாறியது எனக்குத் தெரியாமல், பேருந்து ஏறி வேறு பள்ளிக்குப் போய் நின்றேன். சக ஆசிரியை ஒருவர் தினமும் எனக்காகத் தகவலை எழுதிவைக்க வேண்டியிருந்தது. என் கொள்கையின் பாரம் அவர் தலையில் இறங்குவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

இப்போது பழைய ஃபோன் ஒன்றில், தனி சிம்மில், பள்ளி எண்கள் மட்டும் போட்டு வைத்திருக்கிறேன். பணியறை பீரோவில் இருக்கும், வீட்டுக்கு வராது. முகநூலையும் இன்ஸ்டாகிராமையும் விட்டது விட்டதுதான். அரைகுறை என்று சிலர் சொல்லலாம். எனக்கு முடிந்தது இது. அரசு அலுவலகங்களும் பள்ளிகளும் ஒரு தனியார் செயலியையே அறிவிப்புப் பலகையாக வைத்திருக்கிற வரைக்கும் எங்களைப் போன்றவர்கள் முழுதாக வெளியே வர வழியில்லை. முதலில் கேட்கவேண்டியது அதைத்தான்.

மல்பெரித் தோட்டம், காரிமங்கலம்

நான் பட்டுப்புழு வளர்க்கிறேன், ஒன்றரை ஏக்கர் மல்பெரி. எங்களுக்குப் பட்டுக்கூட்டின் விலை தெரியாமல் ஒரு நாள்கூட ஓடாது. கூடு கட்டி முடித்து எடுத்தபின் காத்திருக்க முடியாது, விட்டால் அந்து துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். தருமபுரி அங்காடியில் என்ன விலை, கர்நாடகத்து ராமநகரத்தில் என்ன விலை என்று பார்த்து அன்றைக்கே முடிவெடுக்க வேண்டும். விலையெல்லாம் வாட்ஸ்அப் குழுவில்தான் வரும்.

செல்போன் கடை அண்ணன் என் ஃபோனையும்தான் சரி பண்ணுவார். அவர் சொன்னதைக் கேட்டு நான் விட்டேன். முதல் அறுப்பிலேயே அடி. ராமநகரத்தில் விலை ஏறியிருந்தது தெரியாமல் தருமபுரியில் போட்டுவிட்டேன். கிலோவுக்கு 40 ரூபாய் போச்சு. வீட்டில் பேச்சு வாங்கினேன், அதில் நியாயமும் இருந்தது.

அப்புறம் பக்கத்துக் கொல்லைக்காரர்கள் நாலு பேரை வைத்துப் பேசினேன். அங்காடிக்குக் கூடு கொண்டுபோகிறவர் எவரோ, அவர் அங்கிருந்தே விலையை எஸ்எம்எஸ் போடவேண்டும் என்று முறை வைத்தோம். இப்போது பன்னிரண்டு பேர் இருக்கிறோம். காலை பதினொரு மணிக்குள் மூன்று எண் வந்துவிடும்: அதிகம், சராசரி, குறைவு. வேறு ஒரு வார்த்தை இருக்காது. குழுவில் இருந்தபோது ஒரு விலையைத் தேட இருநூறு குட்மார்னிங் படத்தைத் தள்ளவேண்டும், அதில் பாதி நாள் யாரோ கிளப்பிவிட்ட பொய் விலை.

பட்டன் ஃபோன் வைத்திருக்கும் என் சித்தப்பாவுக்கும் இப்போது விலை தெரிகிறது. முன்பு அவர் என்னைக் கேட்டுக்கொண்டு வரப்பில் நிற்பார்.

கிருஷ்ணகிரி வாசகர்

உங்கள் மனசு புரிகிறது. ஆனால் 300 கோடிப் பேருக்கு மேல் வைத்திருக்கிற நிறுவனத்துக்குப் பாலக்கோட்டில் ஒருவர் போனால் என்ன, வந்தால் என்ன? நம் மாம்பழக்காரர்கள் எல்லாம் இன்ஸ்டாகிராமில்தான் இப்போது நேராகப் பெட்டி விற்கிறார்கள். மண்டித் தரகு மிச்சம். அதை விடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பாலக்கோடு செல்போன் கடை

மாம்பழக்காரரை நானும் விடச் சொல்லமாட்டேன். தரகிலிருந்து தப்பித்தவரை வேறு கடை காட்டாமல் வெளியே இழுப்பது தப்பு.

ஆனால் ‘என்ன ஆகும்’ என்பதற்குப் பதில் இருக்கிறது. முகநூல் நிறுவனம் ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ என்று இலவச இணையம் கொண்டுவந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அவர்கள் காட்டுகிற தளங்கள் மட்டும் இலவசம். தளத்துக்குத் தளம் கட்டணம் மாறும் பாகுபாட்டை எதிர்த்து 2015இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கு மின்னஞ்சல் அனுப்பியவர்கள் லட்சக்கணக்கில். 2016 பிப்ரவரி 8 அன்று டிராய் அந்த மாதிரிக் கட்டணத்தைத் தடை செய்தது, ஃப்ரீ பேசிக்ஸ் இந்தியாவை விட்டுப் போனது. 2021 ஜனவரியில் வாட்ஸ்அப் புதிய தனியுரிமைக் கொள்கையை ஏற்றே ஆகவேண்டும் என்றபோது, சிக்னலுக்கு மாறியவர்களின் கூட்டம் தாங்காமல் அங்கே சரிபார்ப்பு எண் வரவே தாமதமானது. பிப்ரவரி 8 என்ற கெடு மே 15க்குத் தள்ளிப்போனது. அதே கொள்கைக்காக 2024 நவம்பரில் இந்தியப் போட்டி ஆணையம் 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. இதிலெல்லாம் தனியாக ஒருவர் கணக்கில் வரவில்லைதான். ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் யாரோ ஓர் ஊரில் தனியாக உட்கார்ந்து முடிவெடுத்தவர்கள்.

ஓசூர் இரண்டாம் ஷிஃப்ட்

எனக்குக் கூகுளை விடுவதுதான் கஷ்டமாக இருந்தது. தேடலும் மின்னஞ்சலும் ஒரு வாரத்தில் மாறிவிட்டன. பணம் அனுப்ப பீம் வைத்துக்கொண்டேன், அது நம் தேசியக் கட்டணக் கழகத்துடையது. எந்தக் கடை க்யூஆர் ஆனாலும் வேலை செய்கிறது.

வரைபடம்தான் சிக்கல். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் எங்கள் அஞ்செட்டிப் பக்கம் பாதி ஊர் காலியாக இருந்தது. அது யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிற வரைபடம், 2004இல் ஆரம்பித்தது. லீவு நாளில் பைக்கை எடுத்துக்கொண்டு போய் நானே போட ஆரம்பித்தேன். எங்கள் ஊர் ஏரி, பள்ளிக்கூடம், மழையில் தண்ணீர் போகும் தரைப்பாலம், மலைமேல் போகிற ஒற்றையடிப் பாதை. ஏரிக்கு எங்கள் பாட்டி சொல்லும் பெயரையே போட்டேன், தெலுங்கும் கன்னடமும் பேசுகிற வீடுகளில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு அதையும் சேர்த்தேன். ஒரு கம்பெனியை எதிர்த்துத்தான் ஆரம்பித்தேன். இப்போது அந்தக் கோபம் ஞாபகத்திலேயே இல்லை, அடுத்த ஞாயிறு எந்தப் பாதை என்றுதான் யோசனை ஓடுகிறது.

ஃபோன் கூகுளின் ஆண்ட்ராய்டுதான். அதை இன்னும் விட முடியவில்லை.

அரூரிலிருந்து

எல்லோர் பதிவும் படித்தேன். முகநூலை மூட நினைக்கிறேன். பன்னிரண்டு வருடப் படங்கள் அதில் இருக்கின்றன, அப்பாவின் படங்களும். எப்படி எடுப்பது அண்ணா?

பாலக்கோடு செல்போன் கடை

அமைப்புகளில் உங்கள் தகவலைப் பதிவிறக்கும் வசதி இருக்கிறது. முதலில் அதைக் கேளுங்கள். அவர்கள் தயார் செய்து சொல்ல நேரம் எடுக்கும், சில சமயம் நாள்கணக்கில். வந்ததும் கணினியில் ஒரு பிரதி, பென்டிரைவில் ஒரு பிரதி வையுங்கள். திறந்து அப்பா படம் சரியாக வருகிறதா என்று கண்ணால் பாருங்கள். அதற்கப்புறம்தான் நீக்கலைத் தொடங்கவேண்டும். தற்காலிகமாக முடக்குவது வேறு, நீக்குவது வேறு, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், பார்த்துத் தட்டுங்கள். நீக்கச் சொன்ன பிறகு 30 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் உள்ளே நுழைந்து நீக்கலை ரத்து செய்தால் பழையபடி ஆகிவிடும்.

எனக்கு 19ஆம் நாள் சோதனை வந்தது. மொரப்பூரில் மாமன் மகன் கல்யாணம், கடை இருந்ததால் என்னால் போகமுடியவில்லை. படமெல்லாம் முகநூலில் போட்டிருக்கிறோம், பாரு என்று அத்தை ஃபோனில் சொன்னார். ராத்திரி ரொம்ப நேரம் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காலையில் முதல் பஸ் பிடித்து மொரப்பூர் போய், அத்தை பக்கத்தில் உட்கார்ந்து அவர் ஃபோனிலேயே எல்லாப் படத்தையும் பார்த்துவிட்டு, சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன். கடையை அன்று மதியம் இரண்டு மணிக்குத் திறந்தேன்.