எல்லா புரோகிராம் கோடையும் ஒரே ரிப்போவில போடுறது சரிவருமா?

தெமட்டகொட_டெவ்:
எங்கட டீம்ல 14 பேர், ரிப்போ (கோடையும் அதின்ர மாற்றங்களையும் சேர்த்து வைக்கிற இடம்) 23. எல்லாத்தையும் ஒண்டாக்குவம் எண்டு சொன்னன், ஒபிஸ்ல பெரிய வாக்குவாதம், அதான் இங்க கேக்கிறன். 2024 ஜனவரி 1இல வற் (பெறுமதி சேர் வரி) 15இல இருந்து 18 வீதமாகினது ஞாபகம் இருக்கும்தானே. வற் கணக்குப் பார்க்கிற லைப்ரரி (பல புரோகிராம் பொதுவாப் பாவிக்கிற கோட்) ஒரு ரிப்போ, அதைப் பாவிக்கிற சேர்விஸ் 6, ஒவ்வொண்டும் தனி ரிப்போ. லைப்ரரியை மாத்தி புது வேர்ஷன் விட்டு, பிறகு ஆறிலயும் தனித்தனியா வேர்ஷன் ஏத்தி, ஆறு ரிவியூ, ஆறு டிப்ளோய் (சேர்வர்ல ஏத்தி ஓடவிடுறது) எண்டு ஓடினதில ஒண்டு விடுபட்டுப் போச்சு, அது ரெண்டு நாளா 15க்கே பில் அடிச்சுது. கஸ்டமர் ஒவ்வொருத்தருக்கும் கோல் எடுத்து மன்னிப்புக் கேட்டது நான். ஒரே ரிப்போ எண்டா அது ஒரே கமிட், ஒரே தரத்தில பதியிற மாற்றம்.

வெள்ளவத்தை_அலை:
தம்பி, வரி வீதத்தை கோடுக்குள்ள எழுதி வைச்சதுதான் பிழை, ரிப்போவில இல்ல. அதை டேட்டாபேஸ்ல வைச்சிருந்தா ஒரு இடத்தில மாத்தினா முடிஞ்சுது.

தெமட்டகொட_டெவ்:
வீதம் மட்டும் எண்டா நீங்க சொல்லுறது சரி அண்ணா. ஆனா அண்டைக்கே வரிவிலக்கு இருந்த கனக்க சாமான் வரிக்குள்ள வந்தது, கணக்குப் பார்க்கிற முறையே மாறினது. அதை கோட்லதான் மாத்தோணும்.

மருதானை_மழை:
நான் ஒரே ரிப்போ பக்கம். கூகிள்ல 2015லயே கிட்டத்தட்ட 200 கோடி லைன் கோட், 86 டெராபைட், எல்லாம் ஒரே இடத்தில. அவங்களுக்கு ஏலும் எண்டா 14 பேருக்கு ஏலாதா?

வெள்ளவத்தை_அலை:
கூகிள் அதுக்கெண்டு பைப்பர் எண்டு சொந்தமா ஒரு சிஸ்டமே கட்டினவங்க, அது நாங்கள் எல்லாரும் கோட் மாற்றங்களைப் பதிய பாவிக்கிற கிட் இல்ல. அண்ட்ரொயிடும் குரோமும் அந்த ரிப்போக்கு வெளியிலதான் இருக்கு. மைக்ரோசொஃப்ட் விண்டோஸை கிட்டுக்கு மாத்தேக்க 300 ஜிபி, சும்மா கிட் தாங்கேல்ல, அதுக்காகவே தனி ஃபைல் சிஸ்டம் எழுதினாங்க. சரி, உங்கட 14 பேருக்கு சைஸ் பிரச்சினை வராது, ஒத்துக்கொள்ளுறன். நான் பயப்பிடுறது வேற ரெண்டுக்கு.

முதலாவது பில்ட், அதாவது கோடை ஓடுற புரோகிராமாக்கி டெஸ்ட் பண்ணுறது. நான் முந்தி இருந்த இடத்தில ஒண்டாக்கினாப் பிறகு ஒரு சின்ன மாற்றத்துக்கும் எல்லாம் சேர்ந்து ஓடும், 8 நிமிஷம் 50 நிமிஷமாகிச்சு, பொடியள் டெஸ்ட் முடியமுதலே மாற்றத்தை மெயின் கோட்ல மேர்ஜ் பண்ணத் தொடங்கினாங்கள். எது மாறிச்சோ அதையும் அதை நம்பி இருக்கிறதையும் மட்டும் பில்ட் பண்ணுற பேசல், என்எக்ஸ் மாதிரி ஒரு டூல் இல்லாம இறங்கவே கூடாது, அதைப் பார்த்துக்கொள்ளவும் ஒரு ஆள் வேணும்.

ரெண்டாவதுதான் கொழும்பில முக்கியம். நாங்கள் பாதிப்பேர் வெளிநாட்டு கிளையண்ட் வேலைதானே செய்யிறம். கிட்ல ஒரு ஃபோல்டரை மட்டும் ஒருத்தருக்கு மறைக்கேலாது, ரிப்போவை வாசிக்கலாம் எண்டா எல்லாத்தையும் வாசிக்கலாம். கோட் ஓனர்ஸ் ஃபைல் யார் அப்ரூவ் பண்ணோணும் எண்டுதான் சொல்லும், பார்க்கிறதை தடுக்காது. ஒரு கிளையண்டின்ர கோட் இன்னொரு கிளையண்டின்ர டீமுக்குத் தெரியிறது ஒப்பந்தத்தையே மீறுறது.

மருதானை_மழை:
அந்த ரெண்டாவதுக்கு என்னட்ட பதில் இல்ல. சைஸுக்கு எண்டா ரிப்போவில தேவையான பகுதியை மட்டும் எடுக்கிற பார்ஷியல் குளோன், ஸ்பார்ஸ் செக்கவுட் இருக்கு, ஆனா அது பாதுகாப்புக்கு இல்லத்தான்.

வெள்ளவத்தை_அலை:
இன்னொண்டு தம்பி, ஒரே கமிட் எண்டா ஒரே டிப்ளோய் இல்ல. ஆறு சேர்விஸும் ஆறு நேரத்தில மேல போகும், இடையில பழசும் புதுசும் கதைச்சுக்கொள்ளத்தான் வேணும்.

தெமட்டகொட_டெவ்:
விளங்குது அண்ணா. ஆனா ஒண்டு விடுபட்டா பில்ட் ஃபெயிலாகி சிவப்பாத் தெரியும்தானே, எனக்கு அது போதும், அண்டைக்கு அந்தச் சிவப்பு எங்கயும் தெரியேல்ல. 23இல 9 கிளையண்டின்ர, அதைத் தொடமாட்டன். வற் லைப்ரரியையும் அந்த ஆறையும் மட்டும் ஃபில்டர்-ரிப்போ எண்ட டூலால பழைய மாற்றங்களின்ர ஹிஸ்டரியோட ஒரே ரிப்போவில தனித்தனி ஃபோல்டருக்குக் கொண்டுவந்து பார்க்கப்போறன்.

வெள்ளவத்தை_அலை:
அப்பிடியெண்டா நான் எதிர்க்கேல்ல. கொண்டுவர முதல் பழைய ஹிஸ்டரியில பாஸ்வேர்ட் ஏதும் கிடக்கா எண்டு ஒருக்கா தேடு, கிடந்தா முதல்ல அதை மாத்து.