கியோட்டோ கோயில் வீதியில் மீனும் முட்டையும் தொடாத பெரியவங்களுக்கு என்ன வாங்கித் தரலாம்?

நொய்யல்கரை (திருப்பூர்):
வணக்கமுங்க. ஏப்ரல்ல அப்பா அம்மாவைக் கியோட்டோ கூட்டிட்டுப் போறோம். ஒரு நாள் முழுக்க கியோமிசுதேரா கோயிலும், கீழே இறங்கற சன்னென்சாகா, நினென்சாகா வீதிகளும்தான். ரெண்டு பேரும் சுத்த சைவம், முட்டையும் ஆகாது. அப்பாவுக்குப் பல்செட். கட்டுச்சோத்தோட நிறுத்தாம அந்த ஊர்ப் பண்டம் நாலாவது ருசி பார்க்கணும்னு ஆசைப்படறாங்க. எதை நம்பி வாங்கலாம்? எதுல மீன் ஒளிஞ்சிருக்கும்? எந்நேரத்துக்குப் போறது?

கூடுதுறை (பவானி):
கண்ணுக்குத் தெரியற மீன் துண்டைப் பத்திக் கவலை வேண்டாங்க, ஒதுக்கிடலாம். சிக்கல் தாஷியிலதான். கட்சுவோங்கற மீனை வேகவெச்சு, புகை போட்டுக் கட்டையாட்டக் காயவெச்சு, சீவிப் போட்டு வடிச்ச சாறு அது. மிசோ சூப் (புளிக்கவெச்ச சோயா விழுது சூப்), ஊடோன், சோபா நூடுல்ஸ், இனாரி சூஷியோட தோஃபு (சோயாப் பால் கட்டி) உறை எல்லாத்துக்கும் பெரும்பாலும் அதுதான் அடிப்படை. "வெஜிடேரியன்"னு மட்டும் சொன்னா கறியை எடுத்துட்டுக் கொண்டு வந்து வெப்பாங்க, சாறு அப்படியே இருக்கும். அவங்க ஏமாத்தறதில்லைங்க, சாறை அவங்க மீனாவே நினைக்கறதில்லை. அதனால "கட்சுவோ தாஷி ஹைத்தே இமாஸ் கா?"ன்னு நேராக் கேளுங்க. முட்டைக்கு "தமாகோ". ரெண்டையும் ஜப்பானிய எழுத்துல அச்செடுத்துக் கையில வெச்சுக்கிட்டாக் காட்டிடலாம்.

பாக்கெட் வாங்கினா இன்னொண்ணு கவனிங்க. ஒவ்வாமைப் பட்டியல்ல முட்டை, பால், கோதுமை எல்லாம் கட்டாயம் போடணும். கட்சுவோ அந்தக் கட்டாயப் பட்டியல்ல இல்லை. அதனால அந்தக் கட்டத்தைப் பார்த்துட்டு மீன் இல்லைன்னு முடிவு கட்டாதீங்க, சேர்மானப் பட்டியல் முழுசையும் போன்ல மொழிபெயர்த்துப் படிங்க. உமேங்கற புளிப்புக் காய் ஊறுகாய் வெச்ச சோத்துருண்டையில கூட கட்சுவோ சேர்க்கறது உண்டு.

எள்ளுச்செடி (கோபி):
இனிப்புப் பக்கம் பயம் குறைவுங்க. கியோட்டோவுக்குன்னே உள்ள பண்டம் "நமா யாத்சுஹாஷி", அதாவது சுடாத யாத்சுஹாஷி. அரிசி மாவு, சர்க்கரை, பட்டை மூணையும் ஆவியில வேகவெச்சு, மெல்லிசாத் தேய்ச்சு, நடுவுல பூரணம் வெச்சு முக்கோணமா மடிச்சது. பூரணம் அசுக்கிங்கற சிவப்புப் பயறு, ஒப்புட்டுப் பூரணம் மாதிரியே, ஏலக்காய் மட்டும் இருக்காது. பல கடையில துண்டு போட்டு ருசி பார்க்கக் குடுப்பாங்க. ஊருக்குக் கொண்டு வர்றதுன்னா இது சில நாள்தான் தாங்கும், சுட்டு மொறுமொறுன்னு இருக்கற கெட்டி யாத்சுஹாஷியை வாங்குங்க.

வாராபி மோச்சி: மாவுச்சத்தைக் கிண்டி ஆறவெச்ச வழுவழு துண்டு. மேல கினாக்கோ, அதாவது வறுத்த சோயா மாவு தூவியிருக்கும், நம்ம பொட்டுக்கடலை மாவு வாசம் வரும். ஃபிரிட்ஜ்ல வெச்சா வெளுத்து விறைச்சுக்கும், வாங்கினதும் சாப்பிட்டுடுங்க. மிதராஷி டாங்கோங்கறது குச்சியில குத்தின அரிசி மாவு உருண்டை, அதோட பாகு சோயா சாஸும் சர்க்கரையும்தான், ஆனா சில கடையில தாஷி கலப்பாங்க, கேட்டுட்டு வாங்குங்க.

அமாசாக்கேங்கற இனிப்புப் பானம் ரெண்டு வகை. அரிசிக் கோஜியில (பூஞ்சை ஏத்தின அரிசி) செஞ்சதுல சாராயம் இல்லை. சாக்கேங்கற அரிசி மது வடிச்ச சக்கையில செஞ்சதுல கொஞ்சம் இருக்கும். "கோமே கோஜி?"ன்னு கேட்டு வாங்குங்க. ஊறுகாய்ல கத்தரிக்காயும் சிவப்பு ஷிசோ இலையும் உப்புல ஊறின ஷிபாசுகே அருமை. அதுலயும் கட்சுவோ சேர்த்த பாக்கெட் இருக்கு.

மலைக்காத்து (வால்பாறை):
நேரம்: கோயில் காலை 6 மணிக்கே திறந்துடும், பண்டக் கடைங்க பெரும்பாலும் 9, 10 மணிக்கு மேலதான். வெறும் வயித்தோட ஏறாதீங்க. பஸ் நிறுத்தத்துல இருந்து ஏத்தமாவே இருக்கும். 6 மணிக்கு ஏறி, 1633ல கட்டின மண்டபத்தையும் 13 மீட்டர் உயர மரத்தளத்தையும் கூட்டமில்லாமப் பார்த்துட்டு, கடை திறக்கறப்ப இறங்குங்க. சாயங்காலம் 5 மணியோட முக்காவாசி அடைச்சிடுவாங்க.

நடந்துக்கிட்டே சாப்பிடறது அங்க மரியாதை இல்லை. கடை முன்னாலயே நின்னு தின்னுட்டு, குச்சியைக் கடையிலயே குடுத்துடுங்க, வீதியில குப்பைத்தொட்டி தேடினாலும் கிடைக்காது. பச்சைக் கறிவேப்பிலை, பழம் எதையும் இங்கிருந்து பெட்டியில போட்டுடாதீங்க, தாவரச் சுகாதாரச் சான்று இல்லைன்னா விமான நிலையத்திலயே எடுத்துடுவாங்க.

நொய்யல்கரை:
ரொம்ப நன்றிங்க. மத்தியானச் சாப்பாட்டுக்கு யூதோஃபு, அதாவது சுடுதண்ணித் தோஃபு ஆகுமுங்களா?

கூடுதுறை:
பல்செட்டுக்கு அதைவிட நல்லது இல்லைங்க. கொம்புங்கற கடல்பாசி போட்ட தண்ணியில தோஃபு சூடாகும், அதுல மீன் இல்லை. தொட்டுக்கற சாறுலதான் கட்சுவோ வரும். அதுக்குப் பதிலா வெறும் சோயா சாஸ், துருவின இஞ்சி, யூசுங்கற எலுமிச்சை வகைப் பழம் கேளுங்க. கூட வர்ற டெம்புராவுக்கு (நம்ம பஜ்ஜியாட்ட) மாவுல முட்டை இருக்கும், வேண்டாம்னுடுங்க. எள்ளு விழுதும் குட்சுங்கற கிழங்கு மாவும் கிண்டின கோமாதோஃபு வந்தா விடாதீங்க, அதுக்கும் மேல ஊத்தற சாறு மட்டும் தனியா வரட்டும். மேசை அடுப்பு நம்ம கையில இருந்தா தளதளன்னு கொதிக்க விடாதீங்க, துண்டு லேசா ஆட ஆரம்பிக்கறப்பவே எடுத்துடணும். விட்டா உள்ளே ஓட்டை விழுந்து ரப்பராட்ட ஆயிடும். அப்பாவுக்கு, பசை அரிசிச் சோத்தை இடிச்சுச் செய்யற மோச்சி மட்டும் வேண்டாம். பல்செட்டுல ஒட்டும், தொண்டையிலயும் அடைக்கும்.